கோடியக்கரைக்கு சைக்கிளா, காரா, ரெண்டும் சேத்தா? டேரா போடக் கெளம்புறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு

மொதல்ல மேப்பைத் திறந்து பாருங்க. நாகப்பட்டினத்துலேருந்து நேரா தெக்க இறங்குற கடற்கரை கோடியக்கரைல வந்து டக்குனு மேக்க திரும்பிடுது, ஒரு பக்கம் வங்கக்கடல், இன்னொரு பக்கம் பாக் நீரிணை. இந்த முனையைப் பாத்ததும் சைக்கிள் வச்சிருக்கற எல்லாருக்கும் வர்ற ஆசை ஒண்ணுதான், கிழக்குக் கரையோரமா இறங்கி, முனையைத் தொட்டு, அப்படியே தெக்குக் கரையோரமா முத்துப்பேட்டை வரைக்கும் ஒரு ரவுண்டு அடிச்சுட்டா என்னனு. அது நடக்காதுங்க. கோடியக்கரைக்கு மேக்க அதிராம்பட்டினம் வரைக்கும் 40, 50 கிலோமீட்டருக்கு இருக்கறது ரோடு இல்ல, வேதாரண்யம் பெரிய சதுப்பு. மழைக்காலத்துல தண்ணி, வெயில்காலத்துல வெடிச்ச உப்புத் தரை, நடுவுல காலை வச்சா முழங்கால் வரைக்கும் வாங்குற சேறு. சேட்டிலைட் படத்துல வெள்ளையா கோடு மாதிரி தெரியறதை ரோடுன்னு நம்பி இறங்கிடாதீங்க, அது உப்பளத்து வரப்பு.

அதனால கோடியக்கரை போனா வந்த வழியே வேதாரண்யம் திரும்பி வந்துதான் ஆகணும், 11, 12 கிலோமீட்டர் போக, அதே அளவு வர. முழு வட்டம் கிடையாது, நாகைலேருந்து வேதாரண்யம் ஒரு துண்டு, வேதாரண்யத்துலேருந்து முத்துப்பேட்டை ஒரு துண்டு, நடுவுல தெக்க கோடியக்கரைக்கு ஒரு குச்சி. இந்தப் படம் மனசுல பதிஞ்சுட்டாலே எதுல போறதுங்கற கேள்விக்குப் பாதி பதில் வந்துடும்.

நாலஞ்சு பேர், தஞ்சாவூர் கும்பகோணம் மன்னார்குடி பக்கம், பொங்கல் லீவு மாதிரி மூணு நாலு நாள் கையில இருக்கு, சைக்கிள் இருக்கு, டென்ட் இருக்கு இல்லன்னா வாங்கற ஐடியா இருக்குன்னு வச்சுக்குவோம். உங்க முன்னாடி மூணு வழி. ஒண்ணு, மூட்டை முடிச்சு எல்லாத்தையும் சைக்கிள்லயே கட்டிக்கிட்டு நாகைலேருந்து முத்துப்பேட்டை வரை மிதிக்கறது. ரெண்டாவது, சைக்கிளை வண்டில ஏத்தி வேதாரண்யத்துல ஒரு இடத்துல டேரா போட்டு, அங்கேருந்து தெனம் ஒரு பக்கம் ஓட்டிட்டு வர்றது. மூணாவது, சைக்கிளே வேணாம், கார்ல போய் இறங்கி நடக்கறது. எனக்கு ரெண்டாவதுதான், ஏன்னு சொல்றேன், ஆனா மொதல் வழியை நான் மட்டமா பேசமாட்டேன், அதுல இருக்கற ருசி வேற எதுலயும் கெடையாது.

மொதல் வழியையே எடுத்துக்குவோம். நாகைலேருந்து வேளாங்கண்ணி வரைக்கும் சும்மா 10, 12 கிலோமீட்டர், பெரிய ரோடு, பஸ், வேன், யாத்திரைக்காரங்க, அங்க ரசிக்கறதுக்கு ஒண்ணும் இல்ல, காலைல வெள்ளனா கெளம்பி வேகமா தாண்டிடுங்க. திருப்பூண்டி தாண்டினப்புறம் திருத்துறைப்பூண்டிக்குப் போற ஈசிஆரை விட்டுட்டு வேட்டைக்காரனிருப்பு பக்கம் பிடிக்கணும். நாகை வேதாரண்யம் மொத்தம் கிட்டத்தட்ட 50 கிலோமீட்டர், அதுல உண்மையான பயணம் இங்கேருந்துதான் ஆரம்பிக்குது. வெள்ளப்பள்ளம், நாலுவேதபதி, புஷ்பவனம்னு வரிசையா ஊருங்க, இடது கைப் பக்கம் சவுக்குத் தோப்புக்கு அந்தாண்ட கடல், வலது பக்கம் மணல் கொல்லை, கடலை, மா, முல்லைப் பந்தல். டெல்டான்னா நெல்லு வயல்னு நெனச்சுக்கிட்டு வர்றவங்களுக்கு இந்த மணல் பூமி வேற நாடு மாதிரி இருக்கும். 2018 நவம்பர் 16 கஜா புயல் கரை ஏறுனது இந்தப் பக்கம்தான், தென்னையும் மாவும் வேரோட சாய்ஞ்சுது, இன்னைக்கு நீங்க நிழலுக்கு ஒதுங்குற பல தோப்பு அதுக்கப்புறம் வச்ச கன்னுங்க வளந்தது, அதனால பழைய ஆளுங்க சொல்ற அளவுக்கு ரோட்டோர நிழலை எதிர்பாக்காதீங்க.

மேடு பள்ளமே இல்லாத ரோடு, யார் வேணா ஓட்டலாம்னு சொல்வாங்க. ஏத்தம் இல்லங்கறது உண்மை, ஆனா ஏத்தத்துக்குப் பதிலா இங்க காத்து இருக்கு, அதுவும் இறக்கமே இல்லாத ஏத்தம். தை, மாசில காத்து வடகிழக்குலேருந்து வரும், வாடை. அப்போ நாகைலேருந்து தெக்க இறங்குறப்ப முதுகுல தள்ளும், வேதாரண்யத்துலேருந்து மேக்க முத்துப்பேட்டை போறப்பவும் பாதி முதுகுல தள்ளும். அதே ரூட்டை அதே மாசத்துல முத்துப்பேட்டைலேருந்து நாகைக்குத் திருப்பி ஓட்டிப் பாருங்க, பத்து கிலோவுக்கு மேல லக்கேஜ் கட்டின சைக்கிள்ல, தொடை பேசும். ஆனி, ஆடில கதை தலைகீழ், மேல்காத்து, மீனவங்க கச்சான்னு சொல்வாங்க, அப்போ முத்துப்பேட்டைல ஆரம்பிச்சு கிழக்க வந்து வேதாரண்யம், அப்புறம் வடக்க நாகை. ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்னு சொன்னவங்க சைக்கிள் ஓட்டிப் பாத்துட்டுதான் சொல்லிருப்பாங்க போல. எந்த மாசம் போறோம்ங்கறதை முடிவு பண்ணிட்டா எந்தப் பக்கத்துலேருந்து ஆரம்பிக்கறதுங்கறது தானா முடிவாயிடும், இதை மட்டும் மாத்தாதீங்க. இன்னொண்ணு, மேக்க போற துண்டை சாயங்காலம் ஓட்டாதீங்க, சூரியன் நேரா கண்ணுல அடிக்கும், காலைல ஓட்டுனா முதுகுக்குப் பின்னாடி இருக்கும்.

தைல காத்து சாதகம், வெயில் கம்மி, பறவை நெறைய. ஆனா தைதான் சம்பா அறுவடை. வாய்மேடு, இடும்பாவனம், தில்லைவிளாகம் பக்கம் வந்தீங்கன்னா திரும்ப நெல்லு நாடு, ரோட்டுல பாதி அகலத்துக்கு நெல்லைக் கொட்டிக் காயப் போட்டிருப்பாங்க, ஓரத்துல கல்லு அடுக்கி வச்சிருப்பாங்க, கார் டயருக்கு அது பெரிய விஷயமில்ல, ஒல்லி டயர் சைக்கிளுக்கு அது பால்பேரிங் மேல ஓட்டுற கதைதான், பிரேக் பிடிச்சா படுத்துடுவீங்க. மணி அடிச்சுட்டு, இறங்கித் தள்ளிக்கிட்டுப் போங்க, நெல்லு மேல ஏத்தினா பாட்டி கையில இருக்கற பலகையாலயே போடும், அதுல தப்பும் இல்ல. எதுக்க அறுவடை மெஷின் வந்தா மொத்த ரோடும் அவருக்குத்தான்.

அடுத்தது முள்ளு. சீமைக்கருவேலம் இல்லாத ஓரமே இந்தப் பக்கம் கிடையாது, ரோட்டை விட்டு ரெண்டடி இறங்கி சைக்கிளைச் சாய்ச்சாலே டியூபுக்கு ஆபத்து. பஞ்சர் கடை ஊருக்கு ஊர் உண்டு, அந்த அண்ணன்மாருங்க கைவேலையை யாரும் குறை சொல்ல முடியாது, ஆனா உங்க கியர் சைக்கிள்ல ஒல்லியா இருக்கற பிரெஸ்டா வால்வ் இருந்தா அவங்க பம்பு அதுல உக்காராது. "என்ன தம்பி இது, இவ்ளோ வெலை போட்டு வாங்கிட்டு காத்தடிக்க வழி இல்லாம வாங்கிருக்கீங்க"ன்னு சிரிப்பாங்க. சின்னதா பித்தளை அடாப்டர் ஒண்ணு சில்லறை காசுக்குக் கெடைக்கும், வால்வ்லயே மாட்டி வச்சுக்கிட்டுப் போங்க, ரெண்டு டியூப் கூடுதலா எடுத்துக்குங்க. ரோடு பைக்கோட 25 எம்எம் டயரை வீட்லயே விட்டுட்டு வாங்க, 35க்கு மேல இருக்கற ஹைப்ரிட், இல்லன்னா எம்டிபிங்கற மலை சைக்கிள், அதுவும் இல்லன்னா வீட்ல கெடக்கற அந்தக்கால பெரிய சைக்கிளே மேல், அதுக்கு எல்லா ஊர்லயும் பார்ட்ஸ் உண்டு.

இவ்ளோ சொல்லிட்டும் மொதல் வழியை ஏன் பெருசா நெனக்கிறேன்னா, முல்லைப் பூ எடுக்கற நேரத்துல அந்தப் பக்கம் மிதிச்சுக்கிட்டுப் போறப்ப வாசனை வர்றது கார்ல கண்ணாடியை இறக்கினாலும் கெடைக்காது, நின்ன இடத்துல யாராவது ஒரு அக்கா தண்ணி குடுத்து எந்த ஊருன்னு கேக்கறதும் கார்ல கெடைக்காது. சின்னப் பசங்க இல்லாத, தெனம் 50, 60 கிலோமீட்டர் ஓட்டிப் பழகின கும்பல்னா தையிலயோ மாசிலயோ கண்ணை மூடிக்கிட்டு இதையே எடுத்துக்குங்க. மத்தவங்களுக்குப் பிரச்சினை ரெண்டு எடத்துல வருது. மூட்டையோட கோடியக்கரைக்கு இறங்கி அதே மூட்டையோட திரும்பணும், ஏன்னா அங்க விட்டுட்டு வர பாதுகாப்பான எடம் கம்மி, குரங்கு வேற. ரெண்டாவது, ராத்திரி எங்க படுக்கறதுங்கற டென்ஷன் தெனம் சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் ஆரம்பிச்சுடும், அதைப் பத்தித் தனியாவே பேசணும்.

ரெண்டாவது வழி, வேதாரண்யத்துல டேரா. இதுல மொதக் கேள்வி சைக்கிளை எப்படி ஏத்தறது. கார் டிக்கில மாட்டுற ரேக் ரெண்டு மூணு சைக்கிளுக்குத் தாங்கும், ஆனா நம்பர் பிளேட்டையும் பின் லைட்டையும் மறைச்சுடும், செக்கிங்ல நிறுத்துனா பதில் சொல்லணும், ராத்திரில பின்னாடி வர்றவனுக்கு உங்க பிரேக் லைட் தெரியாது. கூரை மேல வைக்கற ரேக் தேவலாம், ஆனா வீட்டு போர்டிகோல நுழையும்போது மேல சைக்கிள் இருக்கறது நெனவு இருக்கணும். அஞ்சாறு சைக்கிள்னா பேசாம ஒரு குட்டியானை லோடு வண்டி வாடகைக்குப் பேசிடுங்க, சைக்கிளுக்கு நடுநடுவுல பழைய போர்வை, சாக்கு வச்சுக் கட்டினா கீறலே இல்லாமப் போய்ச் சேரும், டென்ட், அடுப்பு, தண்ணி கேன் எல்லாம் அதுலயே. ஆள் ஆளுக்குப் பிரிச்சா ரேக் வாங்குற காசை விட ரொம்பக் கம்மி, டிரைவர் அண்ணன் அந்தப் பக்கத்து ஆளா அமைஞ்சா எந்த வாய்க்கால் மதகு ஒடஞ்சிருக்கு, எந்த ஊர்ல திருவிழாங்கற சேதி எல்லாம் இலவசம்.

வேதாரண்யத்துல ஒக்காந்துட்டா லோடு இல்லாத சைக்கிள்ல மூணு பக்கமும் போலாம். கிழக்க ஆறுகாட்டுத்துறை, பக்கத்துலயே, காலைல ஃபைபர் படகு கரைக்கு வர்ற நேரத்துக்குப் போனா மீன் ஏலம் பாக்கலாம், வாங்கலாம். ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், அப்போ பெரிய விசைப்படகு போகாது, மீன் வரத்தும் கொறயும், வெலையும் எகிறும். ஊருக்குள்ள வேதாரண்யேஸ்வரர் கோயில், அப்பர் பாடி கதவு திறந்து, சம்பந்தர் பாடி கதவு அடைச்ச எடம்.

தெக்க போற ரோடுதான் விசேஷம். விடியக்காலம் அஞ்சரைக்கெல்லாம் சைக்கிளை எடுத்தீங்கன்னா கொஞ்ச தூரத்துல அகஸ்தியம்பள்ளி, உப்பு சத்தியாகிரக ஸ்தூபி. 1930 ஏப்ரல் 13 ராஜாஜி திருச்சிலேருந்து ஆளுங்களோட நடக்க ஆரம்பிச்சு, தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியா ஏப்ரல் 28 வேதாரண்யம் வந்து, 30ம் தேதி உப்பு அள்ளுன எடம். சித்திரை வெயில்ல நடந்தே வந்திருக்காங்க, நாம டைட்ஸ் போட்டுக்கிட்டு 21 கியரோட வந்து தண்ணி இல்லன்னு புலம்பறோம். திருச்சி பக்கத்து ஆளுங்க அந்த யாத்திரை ரூட்டையே சைக்கிள்ல பிடிச்சு வேதாரண்யம் வந்து சேரலாம், கடலோர ரூட்டை விட ஊர், டீக்கடை, கோயில் எல்லாம் நெருக்கமா கெடைக்கும், என்ன, லாரியும் அதே ரோட்டுலதான்.

அகஸ்தியம்பள்ளி தாண்டுனா ரெண்டு பக்கமும் உப்பளம். தைல பாத்தி கட்டற வேலை நடந்துக்கிட்டிருக்கும், பங்குனி சித்திரைல போனா வெள்ளை வெள்ளையா குவிச்சு கீத்து போட்டு மூடி வச்சிருப்பாங்க. பாத்தியில நிக்கற தண்ணி ஒண்ணொண்ணும் ஒரு நிறம், ஓரத்துல நுரை காத்துக்குப் பறந்து ரோட்டுக்கு வரும், அது சக்கரத்துல ஒட்டி செயின்ல ஏறும். பெடலை நிறுத்திட்டு அப்படியே உருட்டிப் பாருங்க, காத்து சத்தத்தையும் உங்க ஃப்ரீவீல் சத்தத்தையும் தவிர வேற ஒண்ணும் கேக்காது, தண்ணி ஓரமா உள்ளான் பறவைக் கூட்டம் ஒரே நேரத்துல எழும்பித் திரும்பறப்ப வெள்ளையா ஒரு மின்னு மின்னும். கார்ல போறவங்க இந்தத் துண்டை பத்து நிமிஷத்துல தாண்டிடுவாங்க, இறங்குனாலும் கதவு சாத்தற சத்தத்துக்கே பறவை தள்ளிப் போயிடும். சைக்கிள் கொண்டு வர்றதுக்கு இந்த ஒரு ரோடே போதும்னு சொல்வேன், மத்ததெல்லாம் கொசுறு.

அப்புறம் கோடியக்காடு, குழகர் கோயில், அங்கேருந்து காடு. மலைக் காடுன்னு நெனச்சு வராதீங்க, இது கடலோரத்து உலர் பசுமைக் காடு, உலக்கைப் பாலை மரம்தான் ராஜா, மரம் எல்லாம் குட்டையா, காத்துக்கு வளைஞ்சு இருக்கும். 1967ல சரணாலயம் ஆக்குனாங்க, சதுப்பையும் சேத்து 38,500 ஹெக்டேரை 2002ல ராம்சார் எடமா, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலமா அறிவிச்சாங்க. சாலிம் அலி காலத்துலேருந்து பறவைக்குக் கால்ல வளையம் போட்டு ஆராய்ச்சி பண்ற எடம் இது. புல்வெளில வெளிமான், அதுல கெடா மட்டும் கருப்பும் வெள்ளையுமா முறுக்குக் கொம்போட நிக்கும், கூடவே யாரோ எப்பவோ விட்டுட்டுப் போயி காட்டுக் குதிரையா ஆயிட்ட மட்டக்குதிரைங்க, நரி, காட்டுப்பன்னி. பூநாரை பாக்கறதுதான் நோக்கம்னா கார்த்திகைலேருந்து மாசிக்குள்ள வாங்க, அதுவும் தண்ணி மட்டத்தைப் பொறுத்துதான், சதுப்புல தண்ணி ரொம்ப ஏறிட்டா அதுங்க கால் எட்டற எடம் தேடிப் போயிடும்.

ஹைக்கிங்னு வர்றவங்க இங்க ஏமாறக் கூடாது. ஏறுறதுக்கு மலை கிடையாது, இருக்கறதுலயே உசரம் ராமர் பாதம்னு ஒரு மணல் மேடு, அதுல நின்னா சுத்தி காடும் சதுப்பும் தெரியும், அவ்ளோதான். ஆனா நடக்கறதுக்குன்னு பாத்தா கடல் ஓரம், பழைய கலங்கரை விளக்கம் இருந்த பக்கம், புல்வெளி ஓரம்னு வனத்துறை அனுமதிக்கற எடத்துல ரெண்டு மூணு மணி நேரம் தாராளமா போகும். சோழர் காலத்துதுன்னு சொல்ற அந்தப் பழைய கலங்கரை விளக்கம் 2004 சுனாமில விழுந்துடுச்சு, இடிஞ்ச கல்லுதான் மிச்சம். மணல்ல நடக்கறது ரோட்டுல நடக்கறதை விட ரெண்டு மடங்கு களைப்பு, ஷூவுக்குள்ள மணல் போயிடும், நல்ல பிடிப்பு இருக்கற சாண்டல்தான் வசதி, ஆனா புதர்ப் பக்கம் போனா ஷூ, சுருட்டை விரியன் இருக்கற பூமி.

மூணாவது வழி, கார் மட்டும். வயசான அப்பா அம்மா, கைக்குழந்தை இருந்தா இதுதான், இதுல விவாதமே இல்ல. ஒரே நாள்ல வேளாங்கண்ணி, வேதாரண்யம், கோடியக்கரை பாத்துட்டு வீட்டுக்கே வந்துடலாம். ஆனா மத்தியானம் பன்னெண்டு மணிக்கு கோடியக்கரைல கார் நிப்பாட்டி, மானும் இல்ல பறவையும் இல்ல, சும்மா பில்டப்புன்னு சொல்லிட்டுப் போறவங்க பாதிப் பேர் இந்த வழில வந்தவங்கதான். வெளிமான் உங்க லஞ்ச் டைமுக்கு வெளிய வராது.

ரயிலையும் யாராவது கேப்பீங்க. திருத்துறைப்பூண்டி அகஸ்தியம்பள்ளி 37 கிலோமீட்டர் லைன் மீட்டர்கேஜ் போய் பல வருஷம் கெடப்புல கெடந்து 2023 ஏப்ரல்ல பிராட்கேஜா திரும்ப வந்துச்சு. உப்பளத்துக்குப் பக்கத்துலயே போய் இறங்கலாம், ஜன்னலோரம் சூப்பரா இருக்கும். மடிக்கற சைக்கிளைப் பையில போட்டுக் கொண்டு போறவங்களுக்கு இது அம்சமான வழி. முழு சைக்கிள்னா ஸ்டேஷன்ல முன்னாடியே கேட்டுக்காம போகாதீங்க, எந்தெந்தக் கிழமை ஓடுதுங்கறதையும் அப்பவே பாத்துக்குங்க.

இப்போ படுக்கை. என்னைக் கேட்டா இந்தப் பயணத்துல சைக்கிளா காராங்கறதை விட டென்ட் எங்க போடறோம்ங்கறதுதான் பெரிய முடிவு. சரணாலயத்துக்குள்ள நம்ம இஷ்டத்துக்கு டென்ட் கிடையாது, 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி உள்ள போறதுக்கே அனுமதி வேணும், நெருப்பு மூட்டறது குத்தம், கேம்ப் ஃபயர் வீடியோ ஆசையை அங்கேயே விட்டுடுங்க. காட்டுக்குள்ளதான் தங்கணும்னா வனத்துறையோட தங்கும் விடுதி இருக்கு, பூநாரை இல்லம்னு கேட்டா சொல்வாங்க, நாகப்பட்டினம் வன உயிரினக் கோட்ட அலுவலகத்துல முன்னாடியே பேசிட்டுப் போகணும், நேரா போய் நின்னு சாவி கேட்டா கெடைக்காது. கெடைச்சா அதை விட நல்ல எடம் இல்ல, விடியும்போதே மான் பக்கத்துல இருப்பீங்க.

கடற்கரைல டென்ட் போடறது போட்டோவுக்கு அழகு. அசல்ல என்ன ஆகும்னா, மணல்ல டென்ட்டை இழுத்துக் கட்டற பெக் நிக்காது, வாடைக்காத்து ஒரு தூக்கு தூக்குனா டென்ட் மேல போடற ஃப்ளை ஷீட் பாய்மரமா ஆயிடும். பெக்குக்குப் பதிலா சாக்குல மணல் அள்ளிக் கட்டி அதை ஒரு முழ ஆழத்துல புதைச்சு கயித்தை இழுக்கணும். தைப் பனி வேற, காலைல டென்ட்டுக்கு உள்ளயே தண்ணி சொட்டும், உப்புப் பிசுபிசுப்போட. இதெல்லாம் கூட சமாளிச்சுடலாம், ஆனா இலங்கை பக்கத்துல இருக்கற கடல் இது, ராத்திரில கரைல புது ஆளுங்க லைட் அடிச்சுக்கிட்டு இருந்தா கடலோரக் காவல் போலீஸ் வந்து விசாரிப்பாங்க, அது அவங்க வேலை. ஆதார் கையில வச்சுக்குங்க, அதுக்கு முன்னாடி ஊர்ப் பஞ்சாயத்துல, மீனவப் பெரியவங்ககிட்ட "ஐயா, இன்னைக்கு ராத்திரி இங்க படுத்துக்கலாங்களா"ன்னு கேட்டுட்டுப் போடுங்க. படகு இழுக்கற எடம், வலை காயற எடம் ரெண்டுலயும் போடாதீங்க, விடியக்காலம் மூணு மணிக்கு அவங்க தொழிலுக்குப் போறப்ப நீங்க நடுவுல படுத்திருந்தா யாருக்கும் நல்லா இருக்காது. தை, மாசில ஆமை முட்டை போட கரை ஏறுற காலமும் கூட, வெளிச்சம் அடிச்சா திரும்பிப் போயிடும்.

டென்ட்டை விட மனசில்லன்னா நான் சொல்ற எடம் தோப்புதான். வேதாரண்யம், செம்போடை, ஆயக்காரன்புலம் பக்கம் மாந்தோப்பும் தென்னந்தோப்பும் வச்சிருக்கறவங்க யாராவது ஒருத்தர் உங்க கும்பல்ல யாருக்காவது தெரிஞ்சவங்களா இருப்பாங்க, டெல்டால அந்தத் தொடர்பு இல்லாத குடும்பம் கம்மி. போர் மோட்டார் ஓடும், குளிக்கத் தண்ணி, பெக் நிக்கற அளவுக்குத் தரை, காத்து மறைப்பு, செல்போன் சார்ஜ் போட மோட்டார் கொட்டகை. பொம்பளைங்க கூட வந்தா கழிப்பறை இருக்கற தோப்பா பாத்துக் கேளுங்க, இதைக் கேக்கறதுக்குக் கூச்சப்பட்டுத்தான் பல பயணம் பாதில கசந்து போகுது. தென்னை மரத்துக்கு நேர் கீழ டென்ட் வேணாம்னு சொல்லணுமா என்ன. தோப்பு கெடைக்கலன்னா வேதாரண்யத்துல லாட்ஜ் உண்டு, பெருசா எதிர்பாக்காதீங்க. வேளாங்கண்ணில ரூமுக்குப் பஞ்சமே இல்ல, ஆனா அங்க தங்கினா கோடியக்கரை விடியலுக்கு எட்டாது, அதுக்கு அங்க தங்கறதுல அர்த்தமில்ல.

தண்ணி விஷயத்துல கஞ்சத்தனம் வேணாம். கோடியக்கரைப் பக்கம் நிலத்தடித் தண்ணி உப்பு கலந்து இருக்கும், குடிக்கறது கொள்ளிடத்துலேருந்து குழாய்ல வர்ற தண்ணிதான், அதுவும் அந்த ஊர்க்காரங்களுக்கே அளந்து வர்றது. வேதாரண்யத்துலயே ஆளுக்கு மூணு லிட்டர் நெரப்பிக்கிட்டு இறங்குங்க. சாப்பாடும் அங்கேயே முடிச்சுக்குங்க, இல்லன்னா கட்டிக்கிட்டுப் போங்க, கோடியக்கரைல இருக்கற கடைல கெடைச்சா கெடைச்சது.

முத்துப்பேட்டைத் துண்டைப் பத்தி கொஞ்சம். வேதாரண்யத்துலேருந்து 45 கிலோமீட்டர் பக்கம் வரும், ஆயக்காரன்புலம், தகட்டூர், வாய்மேடு, இடும்பாவனம், தில்லைவிளாகம், ஜாம்புவானோடை. தில்லைவிளாகத்து ராமர் செப்புச் சிலையைப் பாக்காம போகாதீங்க. பறவை ஆர்வம் இருந்தா அப்படியே உதயமார்த்தாண்டபுரம் ஏரியையும் சேத்துக்கலாம், மேட்டூர் தண்ணி வந்து ஏரி நெறஞ்ச வருஷமா பாத்து. முத்துப்பேட்டை அலையாத்திக் காடு சைக்கிள்ல பாக்கற எடம் இல்ல, வனத்துறை அனுமதி வாங்கி படகுல கோரையாத்து வழியா லகூன்ங்கற காயல் வரைக்கும் போகணும். ரெண்டு பக்கமும் அலையாத்தி மரம், சேத்துலேருந்து பென்சில் நட்டு வச்ச மாதிரி மூச்சு வேரு. மொத நாள் சாயங்காலமே அனுமதியும் படகும் பேசி வச்சுட்டா காலை வெயில் ஏறதுக்குள்ள போயிட்டு வந்துடலாம். அதுக்கப்புறம் பசி எடுக்கும், கொடுவா மீனும் நண்டும் அங்க கெடைக்கற மாதிரி வேற எங்கயும் இல்ல, அதிராம்பட்டினம் வரைக்கும் நீட்டிட்டா பிரியாணி.

சைக்கிள் கும்பலுக்கும் டேரா கும்பலுக்கும் இந்தத் துண்டுல ஒரு வித்தியாசம் உண்டு. டேரா போட்டவங்க முத்துப்பேட்டைக்கு மிதிச்சுப் போயிட்டு சாயங்காலம் அதே 45ஐ எதிர்க்காத்துல திரும்பி வரணும்னு வீம்பு பண்ணாதீங்க, குட்டியானையை முத்துப்பேட்டைக்கு வரச் சொல்லி சைக்கிளை ஏத்திக்கிட்டு அங்கேருந்தே பட்டுக்கோட்டை வழியா தஞ்சாவூர் கெளம்பிடுங்க. அப்படிப் பண்ணினா மொதல் வழியோட ஒரு நல்ல துண்டும் உங்களுக்குக் கெடைச்சுடுது, மூட்டை சுமையும் இல்ல. இதனாலதான் ரெண்டாவது வழின்னு சொல்றேன்.

எப்போ போகக் கூடாதுங்கறது சுலபம். ஐப்பசி, கார்த்திகைல பறவைக்காரங்க தவிர யாரும் டென்ட்டைத் தூக்காதீங்க, வடகிழக்குப் பருவமழையும் புயலும் இந்த முனையைத் தேடித்தான் வரும். ஆகஸ்ட் 29லேருந்து செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா, ரோடு முழுக்க நடந்து வர்ற ஜனம், ரூமும் கெடைக்காது. ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு கோடியக்கரைல கடலாட வர்ற கூட்டம், புண்ணியத்துக்குப் போறவங்க போங்க, மான் பாக்கப் போறவங்க ரெண்டு நாள் தள்ளிப் போங்க. பங்குனி பாதிக்கு மேல வைகாசி முடியற வரைக்கும் வெயில், உப்பளத்து நடுவுல ஒதுங்க ஒரு மரம் கெடையாது, உப்பு வாருறதைப் பாக்கணும்னா மட்டும் விடியக்காலம் போயிட்டு எட்டு மணிக்குள்ள திரும்பிடுங்க.

பிளாஸ்டிக் கவர், பேப்பர் கப் எதுவும் எடுத்துக்கிட்டுப் போகாதீங்க, 2019லேருந்தே தமிழ்நாட்டுல தடை, சரணாலயத்துல பை திறந்து பாக்கறதும் உண்டு. வீட்டுக்கு வந்ததும் மொத வேலை, குளிக்கறதுக்கு முன்னாடி சைக்கிளுக்கு நல்ல தண்ணி ஊத்துங்க, செயின், பிரேக் கேபிள், ஸ்போக் முனைனு எல்லாத்துலயும் உப்பு உக்காந்திருக்கும். காய வச்சு அன்னைக்கே செயின் ஆயில் விடுங்க, நாளைக்குப் பாத்துக்கலாம்னு விட்டா பொங்கல் லீவு முடியறதுக்குள்ள செயின் காவி கட்டிடும். டென்ட் ஜிப்பையும் கழுவிடுங்க, அது இறுகிட்டா தையல்காரர்கிட்ட குடுத்தாலும் வேலைக்கு ஆகாது.